மலைமேல் ஒரு கல்லறை, அடிவாரத்தில் ஒரு சாதிச் சான்றிதழ்

காரவள்ளியைத் தாண்டியதும் பேருந்து முனகிக்கொண்டு ஏறத் தொடங்குகிறது. மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். எங்களில் இருவருக்கு இருபதாவது வளைவிலேயே வயிறு புரட்டிவிட்டது. எலுமிச்சம்பழத்தை மூக்கருகே வைத்துக்கொண்டுதான் கொல்லிமலை உச்சி வரை போய்ச் சேர்ந்தார்கள். பேருந்தில் இருந்த மற்றவர்கள் ஆகாய கங்கையில் குளிக்கவும் அறப்பளீஸ்வரரைக் கும்பிடவும் வந்தவர்கள். நாங்கள் போனது வாழவந்திப் பக்கம், ஒரு கல்லறையைப் பார்க்க.

கொல்லிமலை என்றாலே கொடை நினைவுக்கு வரும். கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரியின் மலை இது. ஆண்டுதோறும் ஆடியில் அரசே அவனுக்கு விழா எடுக்கிறது. வில்லில் வல்லவன், பாணர்க்கும் விறலியர்க்கும் அள்ளிக் கொடுத்தவன் என்று சங்கப்பாட்டு அவனைப் புகழ்கிறது. மேடையில் பேசுகிறவர்கள் கொடுத்தவனைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். வாங்கிய பாணர்கள் பின்னாளில் என்ன ஆனார்கள் என்று யாரும் கேட்பதில்லை. அது வேறொரு வாரத்துக்கான சேதி.

நாங்கள் தேடிப்போன கல்லறைகளில் கிடப்பவர்கள் இந்த மண்ணில் பிறந்தவர்கள் அல்ல. ஜெஸ்ஸி பிராண்ட், அவர் மனைவி ஈவ்லின். ஜெஸ்ஸி கட்டுமானத் தொழில் செய்யும் குடும்பத்துப் பிள்ளை. ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் என்ற சிறிய சபை அமைப்பின் சார்பில் 1907இல் இந்தியா வந்தார். வெப்ப நாட்டு நோய்களுக்கு மருத்துவம் பார்க்க லண்டனில் ஓராண்டு பயிற்சி பெற்றிருந்தார். ஈவ்லின் லண்டனில் வசதியான வணிகக் குடும்பத்தில் பிறந்தவர், ஓவியம் படித்தவர். கொல்லிமலையைப் பற்றி ஜெஸ்ஸி பேசக் கேட்டவர். 1911இல் சென்னை வந்தார். 1913இல் திருமணம் முடிந்த கையோடு இருவரும் மலையேறினார்கள். அடிவாரத்தில் சேந்தமங்கலத்தில் மரவீடு ஒன்றைச் செய்து, பகுதி பகுதியாகக் கழற்றி, ஆட்களின் தலைச்சுமையாக மேலே கொண்டுபோய்ப் பொருத்தியிருக்கிறார் ஜெஸ்ஸி. வீடு கட்டியவர் பெயரை வரலாறு வைத்துக்கொள்ளும். சுமந்து ஏறியவர்கள் பெயரை வைத்துக்கொள்வது அதற்கு வழக்கமில்லை.

அப்போது கொல்லிமலைக்குப் போக மருத்துவர்களே அஞ்சினார்கள். மலையில் இரவு தங்கினால் காய்ச்சல் வரும் என்று சமவெளி ஆட்கள் இருட்டுவதற்குள் இறங்கிவிடுவார்கள். மலேரியா அப்படி. அதோடு நரம்புச்சிலந்தி. இளைய வாசகர்களுக்கு இந்தப் பெயரே புதிதாக இருக்கலாம். நரம்புச்சிலந்தி என்பது ஒரு முழ நீளத்துக்கு மேல் வளரும் நூல்போன்ற புழு. மனிதக் காலுக்குள் வளர்ந்து, தோலைப் பொத்துக்கொண்டு வெளியே வரும். எரிச்சல் தாங்காமல் அந்தக் காலைத் தண்ணீரில் வைத்தால் புழு அங்கே குஞ்சுகளை விட்டுவிடும். அந்தத் தண்ணீரில் உள்ள நுண்ணிய பூச்சிகள் அவற்றைத் தின்னும். அந்தத் தண்ணீரைக் குடிப்பவர் உடம்பில் ஓராண்டு கழித்து மறுபடியும் புழு. படியிறங்கி நீர் மொள்ளும் கிணறுகள்தான் இந்த நோயின் வீடு. வெளியே தலைநீட்டும் புழுவை ஒரு குச்சியில் நாளுக்குக் கொஞ்சமாகச் சுற்றிச் சுற்றித்தான் எடுக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் உள்ளே அறுந்து சீழ் வைக்கும். ஜெஸ்ஸி அந்த வேலையைச் செய்தார். ஒவ்வொருவருக்கும் எடுத்துக்கொண்டே இருப்பதில் பயனில்லை என்று, கால் படாமல் நீர் இறைக்கும்படி கல் கட்டிய கிணறுகளுக்கு மக்களைத் திருப்பினார். இந்தியாவில் இந்த நோய் முற்றிலும் ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது 2000இல்தான்.

கிணறு என்றதும் நமக்குக் கீழே சமவெளிக் கிணறுகள் ஞாபகம் வராமல் போகாது. சேலம், நாமக்கல், ராசிபுரம் பக்கத்துத் தோட்டங்களில் மோட்டார் வருமுன் கவலை இறைத்த காலம். அந்தக் கவலைக்குத் தோல் பதப்படுத்தித் தைத்துக் கொடுத்தவர்கள் அருந்ததியர். அவர்கள் தைத்த தோலின் வழியாகத்தான் தோட்டத்துக்கு அத்தனை தண்ணீரும் பாய்ந்தது. அதே கிணற்றில் அவர்கள் குடத்தை இறக்கக் கூடாது. யாராவது ஊற்றும் வரை கிணற்றடியில் காத்து நிற்க வேண்டும். மலைமேல் கிணற்றுக்கு நோய் பிடித்திருந்தது. சமவெளிக் கிணற்றுக்குச் சாதி பிடித்திருந்தது.

மலைக்கே திரும்புவோம். ஜெஸ்ஸியும் ஈவ்லினும் ஆண்டுக்கணக்கில் மருந்து கொடுத்தும், பள்ளி நடத்தியும், தச்சு வேலை சொல்லிக்கொடுத்தும் மலைவாழ் மக்களில் ஒருவர்கூட அவர்களுடைய மதத்துக்கு வரவில்லை. அவர்களைத் தீவிரமாக எதிர்த்தவர் உள்ளூர்ப் பூசாரி ஒருவர். முதல் உலகப்போர் முடியும் தறுவாயில் விஷக்காய்ச்சல் பரவியது. பூசாரியும் மனைவியும் படுத்தார்கள். அண்ட ஆளில்லை. ஜெஸ்ஸி போய்ப் பார்த்தார். சாகும் நேரத்தில் அந்தப் பூசாரி தன் கைக்குழந்தையை இந்த வெள்ளைக்காரத் தம்பதியின் கையில் ஒப்படைத்தார். அந்தப் பெண் குழந்தைக்கு ரூத் என்று பெயரிட்டு வளர்த்தார்கள். அதற்குப் பிறகே மலையில் ஒரு சபை உருவாயிற்று.

இந்தக் கதையைப் பிரசங்கங்களில் வெள்ளைக்காரரின் பெருந்தன்மைக்குச் சான்றாகச் சொல்வார்கள். எங்களுக்கு அது வேறு மாதிரித் தெரிகிறது. சுமார் ஐந்தாண்டுக் காலம் அவர்கள் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள், மலை வாங்கிக்கொண்டே இருந்தது. மலை பதிலுக்கு ஒன்றைக் கொடுத்த நாளில்தான் உறவு தொடங்கியது. அதுவும் என்ன கொடுத்தது? எதிரி என்று நினைத்தவர் கையில் தன் பிள்ளையைக் கொடுத்தது. அந்தப் பூசாரியின் கொடைக்கு விழா எடுப்பார் இல்லை.

ஜெஸ்ஸி 1929 ஜூனில் கொடுங்காய்ச்சலில் இறந்தார். வயது 44. மகன் பால் ஒன்பது வயதில் படிக்க இங்கிலாந்து போனவர், அதற்குப் பிறகு தந்தையைப் பார்க்கவே இல்லை. இறந்த செய்தி தந்தியில் வந்துவிட்டது. தந்தை கடைசியாக எழுதிய கடிதம் கப்பலில் வந்து பிறகு சேர்ந்தது. ஈவ்லின் மட்டும் திரும்பி வந்தார். சுமார் எழுபது வயதில், இனி மலைக்கு அனுப்ப முடியாது, ஓய்வெடுங்கள் என்றது மிஷன். இன்னும் ஓராண்டு மட்டும் கேட்டு வாங்கி, அது முடிந்ததும் பதவியை விட்டுவிட்டு மலையிலேயே தங்கிவிட்டார். கொல்லிமலையோடு நிற்காமல் பச்சைமலை, கல்வராயன் மலை என்று மட்டக்குதிரையில் சுற்றினார். இடுப்பெலும்பு முறிந்த பிறகு இரண்டு மூங்கில் கம்புகளை ஊன்றி நடந்தார். 1974 டிசம்பரில் 95 வயதில் காலமானார். பெட்டி வேண்டாம், பருத்தித் துணியில் சுற்றிப் புதையுங்கள், உடம்பு மண்ணுக்கு உரமாகட்டும் என்று சொல்லி வைத்திருந்தார்.

பால் பிராண்டை மருத்துவ உலகம் அறியும். 1914இல் இந்த மலைக்குடும்பத்தில் பிறந்தவர். முதலில் நான்கு ஆண்டு கொத்துவேலையும் தச்சும் கற்றார். பிறகே மருத்துவம். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கல்பட்டில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களைப் பார்த்து, இந்தக் கைகளுக்கு ஏன் எலும்பு மருத்துவர் எவரும் வரவில்லை என்று கேட்டவர் அவர். தொழுநோய் விரலைத் தின்பதில்லை, நரம்பைச் சாகடிக்கிறது. உணர்ச்சி இல்லாத விரல் சூட்டிலும் முள்ளிலும் தானே அடிபட்டு அழிகிறது. இதை நிறுவியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. நல்ல தசைநாணை இடம் மாற்றித் தைத்து, மடங்கிய கையை விரிக்கும் அறுவையை 1940களின் கடைசியில் வேலூரில் தொடங்கினார். குணமானவர்கள் தொழில் கற்கவும் ஓர் இடம் அமைத்தார்கள்.

அந்தக் கால்களைக் காத்தது அறுவைக் கத்தி மட்டும் அல்ல. மென்மையான ரப்பரில், புண்ணான பாதத்தின் அளவுக்கு ஏற்பச் செய்த செருப்பு. வேலூரிலும் காரிகிரியிலும் அதற்காகவே ஆராய்ச்சி நடந்தது. எம்.சி.ஆர். செருப்பு என்று இன்றும் அரசு மருத்துவமனைகளில் தருகிறார்களே, அதன் பிறப்பிடம் இந்தப் பக்கம்தான். செருப்புத் தைப்பது இழிதொழில் என்று சொல்லிச் சொல்லியே ஒரு மக்கள்கூட்டத்தை ஊருக்கு வெளியே வைத்த நாட்டில், டாக்டர்கள் உட்கார்ந்து செருப்பு செய்யக் கற்றுக்கொண்டார்கள்.

பால் பிராண்ட் தன் படிப்புகளைப் பற்றி நிறைய எழுதியவர். அவர் 1985இல் எழுதிய கட்டுரை ஒன்று எங்களுக்கு முக்கியம். மலை வயலில் சிறுவர்களோடு தவளை பிடித்து விளையாடி வரப்பைக் கலைத்துவிட்டபோது, வயலைக் காக்கும் முதியவர் ஒருவர் வந்து கலங்கிய நீரில் ஒரு கைப்பிடிச் சேற்றை எடுத்துக் காட்டினாராம். இந்தச் சேறுதான் நாளைக்கு உனக்கும் உன் பிள்ளைக்கும் சோறு, ஓடிப்போனால் மலையேறித் திரும்பாது என்று பொருள்பட ஏதோ சொன்னாராம். எழுபது வயதுக்குப் பிறகும் அந்த டாக்டர் மறக்காத பாடம் அது. பாடம் சொன்னவர் பள்ளிக்கூடம் போகாத தாத்தா. யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்ற கணக்கு அவ்வளவு எளிதல்ல.

இது தலித் பத்தி ஆயிற்றே, மலையாளிப் பழங்குடிகளின் கதை இங்கே எதற்கு என்று கேட்கலாம். காரணம் உண்டு. அதற்குமுன் தமிழ் படித்தவர்கள் என்ற முறையில் ஒன்று.

கொடுத்தலுக்குத் தமிழில் மூன்று சொற்கள் உண்டு: ஈ, தா, கொடு. மூன்றும் ஒன்றல்ல என்கிறது தொல்காப்பியம். தாழ்ந்தவன் கேட்டால் ஈ, ஒத்தவன் கேட்டால் தா, உயர்ந்தவன் கேட்டால் கொடு. வகுப்பில் இந்த நூற்பாவைப் படித்தபோது எங்களில் ஒருவருக்கு முகம் சுருங்கிவிட்டது. இலக்கணத்திலேயே நமக்கு ஒரு சொல் ஒதுக்கி வைத்திருக்கிறார்களே என்று. பண்ணையத்தில் விடிய விடிய உழைத்தவருக்குக் கொட்டாங்குச்சியில் டீ, தூக்கி ஊற்றும் பழைய சோறு, பொங்கலுக்கு ஒரு வேட்டி. இதைக் கூலி என்று சொல்லாமல் ‘கொடுத்தேன்’ என்று சொல்லிக்கொண்டது ஊர். உழைப்பைத் திருடிவிட்டு மிச்சத்தைக் கொடையாக்கும் வித்தை இது. இந்த வித்தைக்குள் பிறந்தவர்களுக்குத் தர்மம் என்ற சொல்லே கசக்கும்.

லண்டன் மிஷன் 1827இல் சேலத்துக்கு வந்தது. ஜெர்மானியரான லெக்லர் 1840 முதல் இருபதாண்டுக் காலம் இங்கே உழைத்து, பிள்ளைகளுக்குத் தொழிற்பள்ளி வைத்தார். 1876 முதல் 1878 வரையிலான தாது வருடப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் சேலமும் ஒன்று. பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய இடத்துக்குப் பசித்தவன் போவான். போனவனுக்கு ‘அரிசிக் கிறிஸ்தவன்’ என்று பட்டம் கிடைத்தது. தென்னிந்தியா முழுக்கவே தலித் கிறிஸ்தவர்கள் முதுகில் ஒட்டிய பட்டம் அது. சோற்றுக்கு மாறியவன், வாங்கித் தின்றவன். வயிறு நிறைந்தவர்களுக்கு அடுத்தவர் பசியை எள்ளுவது சுலபம்.

அந்த அரிசியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். ராசிபுரம் பக்கம் காலனி ஒன்றில் எண்பது வயதை நெருங்கும் அம்மா ஒருவர் வீட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு சிறிய மண்கலயம் இருக்கிறது. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசி அதற்குள் போகும். பிடி அரிசி என்பது அதன் பெயர். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுபோவார்கள்.

“ஏனுங்கம்மா, வீட்ல அரிசியே இல்லாத நாள்ல என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டோம்.

“அன்னிக்கு ராயி போடுவோம் கண்ணு. கம்பு இருந்தா கம்பு. எதுமே இல்லாத நாளும் உண்டு, அன்னிக்குக் கலயத்தைப் பாக்காத மாதிரி இருந்துக்குவோம்” என்று சிரித்தார்.

அந்த அரிசியைச் சபையில் ஏலம் விட்டு, கிடைக்கும் பணத்தில் யாராவது ஒரு பிள்ளையின் பரீட்சைக் கட்டணம், ஆஸ்பத்திரியில் கிடப்பவருக்கு வழிச்செலவு. அந்தம்மாவின் அண்டை வீட்டார் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். அந்த வீட்டுப் பையனுக்கும் போன வருடம் இந்தப் பணம் போயிருக்கிறது. கேட்டால், “பசிக்கு என்ன மதம்” என்கிறார். ஏழை விதவை போட்ட இரண்டு காசை இயேசு மெச்சிய கதையை அவர் நூறு தடவை கேட்டிருப்பார். தன்னைப் பற்றிய கதை என்று அவருக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை.

இந்தப் பழக்கம் நம் ஊர்களில் மட்டும் இல்லை. மிசோரத்தில் 1910இல் சபைப் பெண்கள் தொடங்கிய பிடி அரிசிதான் இன்றுவரை அங்கே பெரும் நிதி. தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல்லிலும் அப்படி. தோர்ணக்கல் கதையில் நம் தமிழர் ஒருவர் இருக்கிறார். திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளையில் பிறந்த வே.ச. அசரியா. வெளிநாட்டுப் பணத்தில் கால் காசு வாங்காமல், திருநெல்வேலிக் கிறிஸ்தவர்களே காசு போட்டு 1903இல் இந்தியன் மிஷனரி சொசைட்டியைத் தொடங்கினார்கள். தெலுங்குப் பகுதியின் மாலா, மாதிகா மக்களிடம் போனார்கள். அசரியாவும் போனார். 1912இல் இந்தியாவின் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயர் ஆனார். மாதிகா என்றால் தோல்தொழில் செய்தவர்கள், நம் அருந்ததியரைப் போல. பஞ்சப் பராரிகள் என்று ஒதுக்கப்பட்ட அந்த மக்களுக்குக் கொடுக்கக் கற்றுக்கொடுத்ததே அசரியாவின் பெரிய வேலை. வாங்கிக்கொண்டே இருப்பவன் நிமிர மாட்டான், தன் பங்கைப் போட்டவன் சபையில் நியாயம் கேட்பான் என்பது அவர் கணக்கு. கொடையைப் பற்றித் தனி நூலே எழுதினார்.

அதே அசரியா 1910இல் எடின்பரோ மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனரிகள் முன்னால் எழுந்து பேசியது உலகறிந்தது. உங்கள் தியாகத்தை எல்லாம் நன்றியோடு ஏற்கிறோம், எங்களுக்கு வேண்டியது நண்பர்கள், அதைக் கொடுங்கள் என்ற பொருளில் பேசினார். கூட்டத்தில் பலருக்குக் கோபம் வந்தது. இத்தனை கொடுத்தும் சமமாக உட்கார வேண்டும் என்கிறானே என்று. தொல்காப்பியர் பாஷையில் சொன்னால், ‘ஈ’ என்று கேட்க வேண்டிய இடத்தில் நின்று அவர் ‘தா’ என்று கேட்டார்.

அந்தச் சமமான இருக்கை நம் சபைகளுக்குள்ளே கிடைத்ததா? இல்லை. தனித்தனி கல்லறைத் தோட்டம், தனித் தெருவில் தேர் என்று தமிழ்நாட்டில் எத்தனை ஊர்கள். 2008 மார்ச்சில் விழுப்புரம் மாவட்டம் எறையூரில் ஒரே கத்தோலிக்கப் பங்குக்குள் சாதி மோதல் வெடித்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். 2016இல் கத்தோலிக்க ஆயர்களே தங்கள் ஆவணத்தில் திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டார்கள். பிற சாதிக் கிறிஸ்தவர் தீபாவளிக்கு நமக்கு வேட்டி கொடுப்பார், கிறிஸ்துமஸுக்குக் கேக் கொடுப்பார், பெண் கொடுக்க மாட்டார்.

இப்போது காரணத்துக்கு வருகிறோம். நாமக்கல்லில் ஒரு கல்லூரியில் இரண்டு மாணவிகள் ஒரே பெஞ்ச். ஒருத்தி கொல்லிமலை, மலையாளிப் பழங்குடி. இன்னொருத்தி அடிவாரத்துக் காலனிப் பெண். இரண்டு குடும்பமும் ஞாயிறு ஆராதனைக்குப் போகிறவர்கள். மலைப்பெண்ணின் சான்றிதழில் பட்டியல் பழங்குடி. காலனிப் பெண்ணின் சான்றிதழில் பிற்படுத்தப்பட்டோர். பழங்குடிக்கு மதம் ஒரு தடையல்ல, அரசமைப்புச் சட்டத்தின் 342ஆம் பிரிவில் மதம் பற்றிய பேச்சே இல்லை. ஆனால் 1950ஆம் ஆண்டு பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியாகக் கருதப்பட மாட்டார் என்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் வெளியே நிற்கிறார்கள்.

இதன் நடைமுறை விளைவை நம் மாவட்டத்திலேயே பார்க்கலாம். சேந்தமங்கலம் பழங்குடியினருக்கான தனித் தொகுதி. அதையொட்டிய ராசிபுரம் பட்டியல் சாதித் தனித் தொகுதி. மலையாளிக் கிறிஸ்தவர் சேந்தமங்கலத்தில் நிற்கலாம். தலித் கிறிஸ்தவர் ராசிபுரத்தில் நிற்க முடியாது. ஊர்த்தெருவில் அடி விழுந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அவருக்கு உதவாது என்று 2025 ஏப்ரலில் ஆந்திர உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அடிக்கிறவன் ஞானஸ்நானச் சீட்டைப் பார்த்துவிட்டா அடிக்கிறான்?

இந்த வழக்குகளில் எங்களுக்கு மறக்க முடியாதது சூசை வழக்கு. சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்தவர் சூசை. ஆதிதிராவிடக் கிறிஸ்தவர். சாலையோரத் தொழிலாளிகளுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. பக்கத்தில் உட்கார்ந்து அதே செருப்பைத் தைத்த இந்துத் தோழருக்குக் கிடைத்தது, சூசைக்கு இல்லை. உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பிறகும் அதே கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்பதற்கு ஆதாரம் போதவில்லை என்று 1985இல் தள்ளுபடி ஆயிற்று. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மதத்தையும் பட்டியல் சாதித் தகுதியையும் பிரித்துவிடச் சொன்னது. 2022 அக்டோபரில் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் வந்து, அதன் காலமும் நீட்டிக்கப்பட்டது. தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரலில் ஒன்றிய அரசை வலியுறுத்தித் தீர்மானம் போட்டது.

சேவைக்குப் பெயர்போன சபைகள் இந்த விஷயத்தில் காட்டும் வேகம் எங்களுக்குப் போதவில்லை. ஆஸ்பத்திரி கட்ட ஆள் வருகிறது, அனாதை இல்லத்துக்குப் பணம் வருகிறது. கருப்பு தினம் என்று ஆகஸ்ட் 10இல் தெருவில் நிற்க வரும் கூட்டத்தில் மற்ற சாதிக் கிறிஸ்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். உதவி செய்வதில் ஆசீர்வாதம் உண்டு என்று போதிக்கிறவர்கள், பக்கத்து இருக்கைக்காரரின் உரிமைக்காக ஒரு நாள் வெயிலில் நிற்பதையும் அந்தக் கணக்கில் சேர்க்கலாம்.

கல்லூரி சேரும் பிள்ளைகளுக்கு ஒரு சேதி. பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறியோர் இடஒதுக்கீட்டில் பிற்படுத்தப்பட்டோராகவே கருதப்பட்டாலும், ஆதிதிராவிடர் நலத்துறையின் கல்வி உதவித்தொகைத் திட்டங்களில் மாநில அரசு அவர்களையும் சேர்த்திருக்கிறது. இது தெரியாமலே விட்டவர்கள் பலர். சான்றிதழில் ‘கிறிஸ்தவ ஆதிதிராவிடர்’ என்று தெளிவாக எழுதி வாங்குங்கள், வருமானச் சான்றிதழையும் முன்கூட்டியே எடுத்து வையுங்கள். நாங்கள் சொன்ன அந்தக் காலனி மாணவிக்கு இரண்டாம் ஆண்டில்தான் இந்த விவரம் கிடைத்தது. முதலாண்டுக் கட்டணத்தில் ஒரு பங்கு, ராசிபுரத்து அம்மாவின் கலயம் இருக்கும் சபையிலிருந்து போனது.